ஏற்காட்டு மீன்தொட்டிகளில் சிக்லிட் சண்டையும் அதில் மூடுபனியின் பங்கும்: ஓர் ஆய்வு முன்னோட்டத்துக்கான முன்னுரை

ஆய்வின் தேவை: உள்ளது.

ஆய்வு எல்லை: சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் ஏற்காடு மட்டும். வளைவுகளுக்குக் கீழேயுள்ள தொட்டிகள் வேறோர் ஆய்வாளருக்குப் பதிவாகியுள்ளன; அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் கடிப்பார்.

முன்னாய்வுகள்: கேரளத்துக் கரிமீனும், 1952இல் இந்தியாவுக்கு வந்து இன்று எண்ணெயில் பொரியும் ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட் குலமே. இவை பற்றிய களஆய்வுகள் பெரும்பாலும் வறுவலோடு முடிந்துவிட்டதால் தரவுகள் எஞ்சவில்லை.

சண்டையின் காரணம்: நிலம். முட்டையிடத் தோதான ஒரு கல் கிடைத்துவிட்டால் ஆண் சிக்லிட் அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வேலி போடுகிறது. யாராவது தாண்டினால் நிறம் கருக்கும், செவுள் மூடி விரியும், வாயோடு வாய் கவ்வி இழுக்கும். தோற்றவன் கிழிந்த வாலோடு வடிகட்டிக்குப் பின்னால் போய் நிற்பான்.

இனித் தீர்வுகள். கற்களைக் கலைத்து வேறு விதமாக அடுக்கினால் பட்டாக்கள் ஒட்டுமொத்தமாக ரத்தாகி, கொஞ்ச நாள் அமைதி நிலவும். (இம்மலைக் கல் சார்னோகைட் வகை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் ஹாலண்ட் 1893இல் இட்ட பெயர். கட்டுரைக்கு இது தேவையில்லை, ஆனால் தெரிந்துவைத்திருக்கிறேன்.) மார்கழி இரவில் கரண்ட் போய் ஹீட்டர் நின்றால் எல்லா மீனும் அகிம்சாவாதி. ஆனால் விடிவதற்குள் செத்தும் போகலாம்.

மூன்றாவது தீர்வு, கூட்டம். “ஒண்ணு ரெண்டு வுட்டா கொன்னுபோடும் சார், கூட்டமா வுடுங்க” (மீன்கடைக்காரர், கடன் நோட்டு, பக்கம் கிழிந்தது). மலாவி ஏரி சிக்லிட்களுக்கு இது மெய்யே. யாரைத் துரத்துவது என்று தெரியாமல் வலியவன் களைத்துவிடுகிறான். பன்னாட்டுக் கருத்தரங்குகளில் ஒரே அமர்வில் நாற்பது பேரைக் கட்டுரை வாசிக்க விடுவதும் இதனால்தான். ஒருவரும் ஒருவரையும் மறுப்பதில்லை. சான்றிதழோ பணம் கட்டிய அன்றே தயார்.

எஞ்சிய இயல்கள் எல்லாம் மூடுபனிக்கே.

விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1963இல் வெளியிட்ட நூலில் ஒரு தொட்டியைப் பற்றிச் சொல்கிறார். நடுவில் கண்ணாடித் தடுப்பு, இரு பக்கமும் ஒவ்வொரு சிக்லிட் ஜோடி. ஆண்கள் கண்ணாடி வழியே ஒருவரையொருவர் முறைத்தே கோபத்தைத் தீர்த்துக்கொள்ள, இரு குடும்பத்திலும் நிம்மதி. கண்ணாடியில் பாசி படர்ந்து எதிரி மறைந்துவிட்டால், ஆண் தன் ஜோடி மேலேயே பாய்கிறது. பாசியைத் துடைத்தால் சமாதானம். இவருக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்காட்டுக்கு வந்திருந்தால் முன்னரே கிடைத்திருக்கும்.

ஏனெனில் இங்கே பாசிக்குப் பதில் பனி. வெயில் நாட்களில் எஸ்டேட்காரர் வேலியோரக் காப்பிச் செடி யாருடையது என்று பக்கத்துத் தோட்டத்தாரைப் பார்த்துக் கத்திவிட்டு, வீட்டில் சாந்தசொரூபியாக வலம்வருகிறார். பனி இறங்கி சில்வர் ஓக் மரங்களோடு பக்கத்துத் தோட்டத்தாரும் மறைந்ததும், காப்பியில் சர்க்கரை போதவில்லை என்கிறார் (தோட்ட மேஸ்திரி, வாய்மொழி, டீ ஆறுவதற்குள்). பனியெல்லாம் காரணமில்லை, அவர் எப்போதுமே அப்படித்தான் (மேற்படியார், டீ ஆறிய பின், தம் முந்தைய கூற்றை மறுத்து). இரண்டுமே பொய், பிரச்சினை மாமியார்தான் (மேஸ்திரியின் மனைவி, அடுக்களையிலிருந்து, மேற்கண்ட இரு தரப்பையும் மறுத்து, ஒப்புநோக்குக: டம்ளர் வைக்கப்பட்ட ஓசை, வரைபடம் 1, வரைபடம் நசுங்கியுள்ளது).

எனவே பனிக்காலத்தில் வீட்டுக்கொரு பக்கத்து வீட்டுக்காரரின் முழு உருவப் படத்தை அரசு இலவசமாக வழங்கவேண்டும் என்பது இவ்வாய்வின் பரிந்துரை.

வாய்மொழித் தேர்வில், மூடுபனி புவியியல் துறைக்குரியது என்றார் முதல் தேர்வாளர். தொட்டி விலங்கியல் துறைக்குரியது, புவியியல் எங்கே வந்தது என்றார் இரண்டாமவர். இருவர் முகமும் கருத்தன. மேசை நடுவே இருந்த கண்ணாடி ஜாடி வேர்த்து மங்கியிருந்தது. என் பக்கம் ஒரு கேள்வியும் திரும்பிவிடக் கூடாதே என்று, எழுந்து போய்க் கைக்குட்டையால் ஜாடியைப் பளிச்சென்று துடைத்துவைத்தேன்.