ரேந்தை

போன அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து பேத்தி பேசினாள். அவள் ஊர் நூலகத்தில் வாரம் ஒருநாள் பின்னல் வேலை தெரிந்தவர்கள் கூடுவார்களாம். செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை அங்கே ஸ்பானிய மரபு மாதம். 1968-இல் ஒரு வாரமாகத் தொடங்கியது, 1988-இல் மாதமாக வளர்ந்தது. அதற்காகப் பராகுவே நாட்டு அம்மா ஒருவர் வந்து ‘ஞாந்துத்தி’ பின்னச் சொல்லிக்கொடுத்தார். குவாரனி மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிலந்தி வலை என்று பொருள். பேத்தியின் பெயர்ச்சீட்டில் பெர்னாண்டோ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, எந்த நாட்டுப் பெண் நீ என்று கேட்டிருக்கிறார். இவள் தூத்துக்குடி என்றாளாம்.

“பாட்டி, நம்ம வீட்டுல யாராச்சும் இப்படிப் பின்னுவாங்களா?”

எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்பாச்சி பின்னுவாள். கல்யாணமான புதிதில் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவள். அவளிடம் இரண்டு ஊசி இருந்தன. பகலில் கையில் இருப்பது நுனியில் கொக்கி வைத்த எஃகு ஊசி. ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் எடுப்பது மூங்கிலில் செதுக்கிய வலை ஊசி. 1961-இல் எங்கள் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தபோது எனக்கு ஆறு வயது. சித்தப்பா குளிக்கப் போனார். கல்லில் கால் வைத்துக் கடலடிக்கு இறங்கி, மூச்சு முட்டுவதற்குள் சிப்பியை அள்ளிப் போட ஒரு வலைப் பை வேண்டும். அதை அப்பாச்சிதான் முடிந்து கொடுத்தாள். கண்ணி ஒவ்வொன்றையும் மூங்கில் பட்டையில் அளந்து இழுத்து முடிச்சுப் போடுவாள். பை முடிந்ததும் உள்ளே கையை விட்டு விரித்துப் பார்ப்பாள். ஒரு கண்ணி தளர்ந்திருந்தாலும் அறுத்துவிட்டுத் திரும்பப் போடுவாள். “ஏட்டி, இது அவன் மூச்ச அடக்கி அள்ளுறதுட்டி. ஒண்ணு நழுவப்பிடாது” என்பாள்.

மறுநாள் பகலில் அதே விரல்கள் வெள்ளை நூலில் பீடத் துணிக்குக் கரை பின்னும். இரண்டு சங்கிலி, ஒரு தூண் என்று கட்டம் கட்டமாக நகரும். சில கட்டத்தைத் திறந்து விடுவாள், சிலதை அடைப்பாள். பத்து வரி ஏறியதும் திராட்சைக் கொடி தெரியும், சிலுவை தெரியும். நாங்கள் அதை லேஸ் என்போம். அவள் ‘ரேந்தை’ என்பாள். கிழவியின் வாய்க்கு வந்த சொல் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

அது போர்த்துகீசியச் சொல். அந்த மொழியில் ‘ரெண்டா’ என்றால் லேஸ். ஜன்னல், மேசை, அலமாரி, சாவி எல்லாம் வந்த அதே வழியில் வந்தது. 1530-களில் எங்கள் பரவர் குலம் ஞானஸ்நானம் பெற்றபோது பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மச்சாடோ எல்லாம் எங்கள் வீட்டுப் பெயர்கள் ஆயின. 1542-இல் ஸ்பெயினின் நவார் நாட்டுக்காரரான சவேரியார் இந்தக் கரைக்கு வந்து, மணல்மேல் நடந்து தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தார். இதெல்லாம் மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்கு மனப்பாடம். ரேந்தையைப் பற்றி மட்டும் யாரும் சொன்னதில்லை. இலங்கையில் காலிப் பக்கத்துப் பெண்கள் மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் ‘பீரலு’ லேஸும் போர்த்துகீசியர் விட்டுச் சென்றதுதான். நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையாரும், இடையன்குடியில் அவர் மகள் எலைசா கால்டுவெலும் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத்தந்தது புத்தகங்களில் இருக்கிறது. எங்கள் கடற்கரைப் பெண்களின் விரல் வேலையை நான் படித்த எதிலும் காணவில்லை. அது நியாயமில்லை.

போர்த்துக்கலின் மீனவ ஊர்களில் ஒரு சொலவடை உண்டு: வலை இருக்கிற இடத்தில் ரேந்தை இருக்கும். ஐரோப்பாவின் பழைய வலை லேஸுக்கு அடித்தளமே மீன்வலை முடிச்சுதான். ஊசியும் நூலும் சிறியவை, அவ்வளவே. இதைப் படித்த அன்று அப்பாச்சியின் இரண்டு ஊசிகளும் என் கண்முன் வந்து நின்றன. அவள் பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக இரண்டு வேலை செய்யவில்லை.

பதினைந்து வயதில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். நான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்விட்டேன். பருத்தி வலை போய் நைலான் வந்தது. பிறகு வலையே இயந்திரத்தில் பின்னி வந்தது. எங்கள் தெருத் திண்ணையில் இப்போது வலை ஊசி பிடிக்கிற பெண் ஒருத்தியும் இல்லை. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாக் கடைகளில் லேஸ் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. புதுநன்மை வாங்குகிற பிள்ளையின் கவுனுக்கு அதைத்தான் வைத்துத் தைக்கிறார்கள். நானும் என் மகளுக்கு அப்படித்தான் தைத்தேன். கொக்கி ஊசியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை.

பேத்தியிடம் பேசி முடித்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அப்பாச்சி பின்னிய ஒரு மேசை விரிப்பு கிடைத்தது. பித்தளை விளக்கைச் சுற்றி வைக்க நான்தான் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஓரம் மஞ்சளேறி, இரண்டு இடத்தில் நூல் அறுந்திருந்தது. மறுநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வெயிலில் விரித்து, வரி வரியாக எண்ணி, திறந்த கட்டத்துக்கு வட்டமும் அடைத்த கட்டத்துக்குப் புள்ளியுமாகக் கணக்குத் தாளில் வரைந்தேன். நான்கு நாள் ஆயிற்று. படம் எடுத்து அனுப்பினேன். அவள் ஏழாவது வரியில் பிசகி, பிரித்து, திரும்பப் பின்னினாள். மூன்று வாரம் கழித்து வந்த படத்தில் திராட்சைக் கொடி இருந்தது. அந்தப் பராகுவே அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதை எனக்குச் சொல்லிக்கொடு என்றாராம்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு துணி இருக்கும். பழந்துணிக்காரரிடம் போடுவதற்கு முன் வெயிலில் விரித்து எண்ணிப் பாருங்கள். பின்னியவர் உயிரோடு இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அவர் அருகில் போய் உட்காருங்கள்.