அரை மாத்திரை

சென்ற போயா தினத்துக்கு முந்திய நாள், அப்புத்தளையிலிருந்து இறங்கிவரும் கொஸ்லந்த பஸ்ஸில், பக்கத்து ஆசனத்தில் வீற்றிருந்த என் சகோதரியின் புத்திரன், பெரகலைச் சந்திக்கும் எங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கும் இடைப்பட்ட வளைவுகளிலே நான் சொல்லிக்கொண்டு வந்த அரிய விஷயங்களுக்கெல்லாம் மொத்தம் 43 தடவை “ம்” என்று பதில் சொன்னான். எண்ணிக்கையில் பிழையில்லை. முதற் பத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டபடியால் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். விரல்கள் போதாமற்போகவே டிக்கட்டின் பின்புறத்தில் பேனாவால் கோடு போட்டேன். அவனுடைய பெருவிரலோ கைபேசியின் கண்ணாடிமேல், நாட்சம்பளத்துக்குக் கொழுந்து கிள்ளுவதுபோல, ஓயாமல் கிள்ளிக் கிள்ளித் தள்ளிக்கொண்டிருந்தது.

31 ஆவது “ம்” முடிந்ததும் ஒரு பரிசோதனை செய்து பார்த்தேன்.

“தம்பி, நேத்து ராத்திரி நான் செத்துப்போயிட்டேன்.”

“ம்.”

“காரியம் வெள்ளிக்கிழமை.”

“ம்… வந்துர்றேன் மாமா.”

முன் ஆசனத்திலிருந்த ஓர் அம்மாள் மட்டும் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தம் கூடையைச் சற்று அப்பால் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

இந்தச் சம்பவத்தை முன்னிட்டு வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க விரும்பும் கருத்து ஒன்று உண்டு. முக்கியமான கருத்து. அதற்கு முன்னால் “ம்” என்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுவது அவசியம். ஏனெனில் இவ்விஷயத்தில் நான் சாமானியன் அல்லன். “ம்” சொல்லிச் சம்பளம் வாங்கியவன். பிற்காலத்தில் சம்பளம் இல்லாமலும் அதையே சொன்னவன்.

தமிழில் ஓரெழுத்தொருமொழி 42 என்று நன்னூலார் கணக்கிட்டார். அவற்றில் 40 நெடில்; நொ, து என்னும் இரண்டு மாத்திரம் குறில்; தனி மெய்யெழுத்து ஒன்றுக்குக்கூட அந்தச் சபையில் இடம் கிடையாது. பவணந்தி முனிவர் மகா பண்டிதர் என்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் தம் ஆயுளில் ஒரு நாளாவது தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் அரைநாள் லீவு கேட்டு நின்றவர் அல்லர் என்பது இதனால் தெளிவாகிறது. நின்றிருந்தால் 43 ஆவதாக இதையும் சேர்த்திருப்பார். மெய்யெழுத்துக்கு மாத்திரை அரை என்பது இலக்கணம். கணக்கப்பிள்ளையின் “ம்” நான்கு மாத்திரைக்குக் குறைந்து நான் கேட்டதில்லை. அது தொண்டையின் அடியில் உற்பத்தியாகி, மூக்கின் வழியாக மேலேறி, பெரட்டுக்களத்துப் பனியில் சிறிது நேரம் நின்று, சம்மதமா மறுப்பா என்பது எவருக்கும் விளங்காமலே கலைந்துபோகும். லீவு கேட்டவன் போனாலும் குற்றம், போகாவிட்டாலும் நஷ்டம்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டரையா நெஞ்சிலே குழாயை வைத்துவிட்டுச் சொல்லும் “ம்” வேறு ஜாதி. அது குட்டையானது, ஆனால் அதைக் கேட்ட மாத்திரத்தில், அதுவரை தடிமன் என்று வந்தவனுக்குத் தன் பிள்ளைகளின் எதிர்காலம் ஞாபகத்துக்கு வந்துவிடும். கடை முதலாளி கடன் கொப்பியின் ஏட்டைப் புரட்டிக்கொண்டே சொல்லும் “ம்” ஏட்டுக்கு ஒன்றாக வருவது. ஏடு புரளப் புரள அதன் சுருதி இறங்கிக்கொண்டே போகும். புது மருமகள் வைத்த குழம்பை விரலால் தொட்டு நாவில் வைத்த மாமியாரின் “ம்” இருக்கிறதே, அதற்குப் பொருள் எழுதப் புகுந்தால் ஒரு நிகண்டே வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்மார் மேடையிலிருந்து இறங்கிய பிற்பாடு, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களிடம் சொல்லும் “ம்” இன்னொன்று. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்று நம்மவர்கள் கேட்க ஆரம்பித்த நாள்முதல் 2021 இல் அது வர்த்தமானியில் ஏறிய நாள்வரைக்கும் இந்த மலைகளில் அத்தகைய “ம்” எத்தனை செலவாயிற்று என்று யாரும் கணக்கு வைத்ததாகத் தெரியவில்லை.

இவற்றுக்கெல்லாம் தலையாயது, கதை கேட்கும் குழந்தையின் “ம்”. என் அப்பாயி தொங்கல் காம்பராவில் குப்பிலாம்பை வைத்துக்கொண்டு கதை சொல்வாள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நாங்கள் “ம்” கொட்டியாக வேண்டும்; அதுதான் அவளுக்கு நாங்கள் கொடுக்கிற கூலி. கூலி நின்றால் வேலையும் நிற்கும். ராஜகுமாரன் ஏழாவது சமுத்திரத்தின் நடுவே கையில் கிளிக்கூண்டோடு நிற்கும்போது எங்களில் எவனாவது தூங்கிப்போனால், அவனை அங்கேயே நிறுத்திவிட்டு அவளும் படுத்துக்கொள்வாள். அவ்வாறு நடுக்கடலில் கைவிடப்பட்ட ராஜகுமாரர்கள் எங்கள் லயத்தில் மட்டும் ஒரு பட்டாளம் தேறுவார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த “ம்”மை ஏமாற்றிச் சொல்ல முடியாது என்பதுதான். இருட்டில் எங்கள் முகம் தெரியாது; ஆயினும் எந்த “ம்” விழித்திருக்கிறது, எது தூக்கத்தில் வருகிறது என்று அப்பாயி கண்டுபிடித்துவிடுவாள். கைபேசி “ம்”முக்கு இந்தப் பரம்பரை எதிலும் உறவு கிடையாது. அதைச் சொல்வதற்கு வாயும் வேண்டியதில்லை, காதும் வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாய் சொட்டுவதுபோல் அது தானாகச் சொட்டுகிறது.

இரண்டு வார்த்தை என்று சொன்னேன். போகட்டும்.

நான் நடிகனானது 1979 இல். மேடை நடிகன் அல்லன். வானொலித் தொடர் நாடக நடிகன். இவ்வகை நாடகத்துக்கு அமெரிக்காவில் சவர்க்காரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1930களில் அங்கே வீட்டுப் பெண்களுக்காகப் பகல்வேளையில் ஒலிபரப்பான நாடகங்களுக்குச் சவர்க்காரக் கம்பெனிகள் பணம் கொடுத்தமையால் வந்த பெயர் அது. அவற்றுள் ஒன்று 1937 இல் வானொலியில் தொடங்கி, தொலைக்காட்சிக்குக் குடிபெயர்ந்து, 2009 வரை 72 வருஷம் ஓடிற்று. நம் நாட்டில் அத்தனை தீர்க்காயுசு இல்லாவிட்டாலும், சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ வானொலியில் போன நாளில் எங்கள் லயத்து வாசலில் பெண்டுபிள்ளைகள் கூடியிருந்து மூக்கைச் சிந்தியது என் கண்ணுக்குள் இருக்கிறது. மக்கள் வங்கி பணம் போட்ட நாடகம் அது. எங்கள் பக்கத்தில் அன்று வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். அழுவதற்குக் கணக்குப் புத்தகம் வேண்டியதில்லை.

நான் நடித்த நாடகத்துக்குப் பணம் போட்டது உண்மையிலேயே ஒரு சவர்க்காரக் கம்பெனி. பெயர் வேண்டாம். மாசி மாதக் காமன் கூத்தில் ரதியாக ஆடிப் பெயர் வாங்கியவன் என்ற தைரியத்தில் கொழும்புக்கு ரயிலேறிப் போனேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் டைரக்டர் என்னை நாலு வரி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “குரல் பிரமாதம், ஆனால் பேச்சுத் தோட்டத்துப் பேச்சாக இருக்கிறதே” என்றார். அந்நாளில் எங்கள் பேச்சுக்கு நாடகங்களில் இரண்டு உத்தியோகம் தயாராக இருந்தன: ஒன்று வீட்டு வேலைக்காரன், மற்றது கேட் காவல்காரன். இரண்டும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. கடைசியில், பாரிச வாதத்தால் நாக்கு விழுந்துபோன பெரியப்பா பாத்திரம் ஒன்று உண்டாக்கப்பட்டது. குரல் வேண்டும், பேச்சு வேண்டாம். 45 வருஷத்துக்கு மேலாயிற்று, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, இனி ஆறுவதற்கு அவகாசமும் இல்லை.

ஆக, எனக்குரிய வசனம் “ம்” ஒன்றே. ஒரே மைக்கைச் சுற்றி ஆறு பேர் நிற்போம். வசனத் தாள் சரசரக்காமல் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தமக்குரிய வரி வரும்போது அரையடி முன்னே வந்து பேசிவிட்டுப் பின்வாங்குவார்கள். எனக்குத் தாள் கிடையாது. ஆயினும் கண்ணாடிக்கு அப்பாலிருந்து டைரக்டர் என்னைத்தான் அதிகமாகத் திருத்துவார். “பெரியப்பா, இந்த ‘ம்’மில் காணி உறுதி கள்ள உறுதி என்பது தெரிய வேண்டும்” என்பார். ஏழெட்டுத் தடவை சொல்லிக்காட்டுவேன். “இப்போது உறுதி தெரிகிறது, கள்ளம் தெரியவில்லை” என்பார்.

பதினோராவது வாரம் மலையில் அடைமழை. பாதையில் மண் விழுந்து இரவு மெயில் நடுவழியில் நின்றுவிட்டது. மறுநாள் மத்தியானம் நான் கூடத்தின் வாசலில் போய் நின்றபோது, காவற்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “நீங்க செத்தாச்சு ஐயா” என்றார். என் கடைசி இருமலை இருமியவரும் அவரேதான் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். நன்றாகவே இருமியிருந்தார்.

நாடகம் ஒலிபரப்பான மறுநாள் ஊருக்குத் திரும்பினேன். லயத்து வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒருத்தி ஒப்பாரியே எடுத்துவிட்டாள். நான் உயிரோடு வந்து நின்றதைக் கண்டு யாரும் திடுக்கிடவில்லை என்பதுதான் விசேஷம். அவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். அழுதது எனக்காக அல்ல, பெரியப்பாவுக்காக. என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒனக்குத்தான்யா கஷ்டம், கூடவே இருந்த மனுசன்” என்று துக்கம் விசாரித்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் “ம்” என்றேன். அழுகை இரட்டித்தது.

இதற்குப் பதினைந்து வருஷங்களுக்குப் பிறகு, ஊவாவின் பட்டணமொன்றில், மனக்கஷ்டம் உள்ளவர்கள் வந்தோ தொலைபேசியிலோ பேசினால் காதுகொடுத்துக் கேட்கும் தொண்டர் குழு ஒன்றில் சேர்ந்தேன். இத்தகைய சேவைக்கு மூலபுருஷர் லண்டன் பாதிரியார் சாட் வாரா. சம்பாத்தியத்துக்காகச் சிறுவர் சித்திரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தவர், 1953 இல் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரைக் காண வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சில தொண்டர்களை நியமித்தார். வந்தவர்களில் பலர் அந்தத் தொண்டர்களிடமே மனம்விட்டுப் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பிப்போனதைக் கண்டபோதுதான், வேலை செய்தது தம் புத்திமதி அன்று என்பது அவருக்கு விளங்கிற்று. அந்தத் தேயிலை எந்த மலையில் விளைந்தது என்று சரித்திரம் சொல்லவில்லை. நம் மலை என்றே நான் தீர்மானித்திருக்கிறேன். நம் நாட்டில் 1974 இல் கொழும்பில் தொடங்கிய ‘சுமித்ரயோ’வும் இவ்வழியில் வந்ததே; சிங்களத்தில் நல்ல நண்பர்கள் என்று பொருள்.

பயிற்சியில் முதல் விதி, புத்திமதி சொல்லக்கூடாது. தமிழனாகப் பிறந்தவனுக்கு இதைவிடக் கடுமையான விரதம் கிடையாது. என்னோடு சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மூன்றாம் நாளே நின்றுவிட்டார். எனக்கோ கஷ்டமே தோன்றவில்லை. பாரிச வாதம் கைகொடுத்தது.

ஒரு மாலை ஒரு பெண்மணி பேசினார். யார், எவ்வூர், என்ன துயரம் என்பவற்றை வெளியிடலாகாது, வெளியிட மாட்டேன். கால்மணி நேரம் அவர் பேச, உரிய இடங்களில் நான் “ம்” சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று நிறுத்தினார்.

“ஐயா, இன்னொருக்கா சொல்லுங்க.”

“என்னம்மா?”

“அந்த ‘ம்’.”

சொன்னேன்.

“நீங்க ரேடியோவுல செத்துப்போன பெரியப்பாதானே?”

பயிற்சிக் கையேட்டில் இதற்கு விடை இல்லை. பொய்யும் சொல்லக்கூடாது, தன்னைப்பற்றிய பேச்சும் எடுக்கக்கூடாது. ஆகவே “ம்” என்றேன். அதன்பின் அரைமணி நேரம் கள்ள உறுதி முடித்த தம்பிக்காரனை அவர் வைதார்; காணி கடைசியில் யாருக்குப் போயிற்று என்று கேட்டார். எனக்கும் தெரியாது, நான் செத்தபின் அந்த நாடகத்தை நான் கேட்கவில்லை. கடைசியில் சிரித்துவிட்டு, “மனசு கொஞ்சம் லேசா இருக்குங்க” என்று ரிசீவரை வைத்தார். அந்தப் புண்ணியத்தில் சவர்க்காரக் கம்பெனிக்கும் பங்கு உண்டோ என்னவோ.

2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபிறகு, பாடசாலைக் கட்டிடத்தில் தங்கவைக்கப்பட்டவர்களிடையே நானும் சில நாள் போய் உட்கார்ந்திருந்தேன். வாகனங்களில் வந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். மைக் பிடித்து வந்தவர்கள் “எப்படி உணர்கிறீர்கள்” என்று கேட்டுவிட்டு, விடை வருவதற்குள் மைக்கை அடுத்தவரிடம் நீட்டினார்கள். ஒரு கிழவி என்னிடம் பகல் முழுவதும் தன் கோழிகளைப் பற்றியே சொன்னாள்: எது என்ன நிறம், எது எந்த மூலையில் முட்டையிடும், எதற்குக் கால் ஊனம். மனிதர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றைக்கு நான் சொன்ன “ம்” எந்த வகையைச் சேர்ந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நகைச்சுவைக் கட்டுரையில் இதைச் சேர்த்திருக்கக்கூடாது, சேர்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு மருமகன் வாசலில் நின்றான்; கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட் பெட்டியும். எனக்கு வாயடைத்துப்போயிற்று.

“நீங்கதானே மாமா, என்னமோ காரியம், வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்க?”

என் மனைவி தேத்தண்ணி ஊற்றப் போனாள். அவன் கைபேசியைச் சுவரோரம் சார்ஜில் போட்டுவிட்டு, என் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, கொழும்பில் தான் வேலைசெய்யும் கடையைப் பற்றியோ, அங்குள்ள முதலாளியைப் பற்றியோ, வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றியோ சொல்லத் தொடங்கினான். நெடுநேரம் பேசினான். எனக்கு அப்போது இந்தக் கட்டுரை மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடை முதலாளியின் “ம்”மைச் சங்கத் தலைவரின் “ம்”முக்கு முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்பதில் ஒரு சிக்கல்.

திடீரென்று அறை நிசப்தமாயிற்று.

“மாமா, நான் இப்ப கடைசியா என்ன சொன்னேன்?”

சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. அதைப் பார்த்தேன்.