எழுதாதே மாப்ளே, மரியாதை போயிடும்

என்ன மாப்ளே, பெரம்பலூர் துறைமங்கலத்துல கீழ ரெண்டு, மேல ரெண்டுன்னு நாலு போர்ஷன் கட்டிட்டியாம். வாசல்ல 'வீடு வாடகைக்கு'ன்னு போர்டும் மாட்டியாச்சாம். இப்ப வந்து "ஒப்பந்தம் எழுதணுமா மாமா"ன்னு கேக்குற. சேச்சே, எழுதாதே! எழுதினா குடிவர்றவங்க மேல நம்பிக்கை இல்லேன்னு ஆயிடும். நம்ம பக்கத்துல வாய்ச்சொல்லுதான் பத்திரம்.

கவர்மெண்டுக்குத்தான் அந்தப் பெருந்தன்மை கிடையாது. 1995-ல திருச்சியிலேர்ந்து பெரம்பலூரைப் பிரிச்சாங்க. 2001 ஜனவரியில பெரம்பலூர்லேர்ந்து அரியலூரைப் பிரிச்சாங்க. அடுத்த வருஷமே சேத்துட்டாங்க. 2007 நவம்பர்ல திரும்பப் பிரிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் மெனக்கெட்டு அரசாணை போட்டு எழுதி வச்சாங்க பாரு, விவரம் பத்தாதவங்க. உனக்கு எதுக்கு அதெல்லாம்? நீ என்ன மாவட்டமா வாடகைக்கு விடுற?

உன் மச்சான் ஒருத்தன் சொன்னானாமே, பதினோரு மாசத்துக்குப் பத்திரம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிட்டா போதும், எவனும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. ரொம்பக் கெட்டிக்காரன். 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போயி, 2017-ல புதுச் சட்டம் எழுதி, 2019 பிப்ரவரி 22 முதல் அது நடப்புல இருக்குன்னு அவன் காதுக்கு இன்னும் எட்டலை போல. பதினோரு மாசமோ பதினோரு வருஷமோ, ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், தொண்ணூறு நாளுக்குள்ள வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும்னு அது சொல்லுது. அந்த அதிகாரி துணை கலெக்டர் தகுதிக்குக் குறையாத ஆளு. அலையக்கூட வேண்டாம், இணையத்துலயே பதியலாம், ஒரு பதிவு எண் குடுப்பாங்க. பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியா எடுத்துக்க மாட்டாங்க. உன் மச்சான் எழுதுன பதினோரு மாசப் பத்திரத்தை லேமினேஷன் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வை, வர்றவங்க பாக்கட்டும்.

அட்வான்ஸு விஷயத்துலயும் நீ பெரிய ஆளுதான். மெட்ராஸ்ல பத்து மாசம் வாங்கறாங்கன்னு இங்கயும் பத்து கேட்டியாம். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும் மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கறது சட்டப்படி தப்பு. அதாவது கூடுதலா வாங்கி அமுக்கணும்னா அதுக்கும் நீ எழுதித்தான் ஆகணும். காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, பாக்கி சாக்கி இருந்தா கழிச்சுக்கிட்டு, மிச்சத்தைத் திருப்பணும். நீ அந்தப் பணத்துல கிரில் கேட்டு போட்டுட்டியே, கேட்டைக் கழட்டிக் குடுப்பியா?

போக்கியத்துக்குக் கேக்குற ஆளும் வருவாங்க. மூணு லட்சம் தர்றேன், வாடகை கிடையாதும்பாங்க. நோட்டுல ஒரு பக்கம் எழுதி ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் குடு, ஜம்முனு இருக்கும். போக்கியம்னா அடமானக் கணக்கு. நூறு ரூபாய்க்கு மேல போனாலே சார்பதிவாளர் ஆபீசுல பதியணும்னு 1882-லேர்ந்து சட்டம் இருக்கு. நூத்தி நாப்பது வருஷமா சொல்றாங்க, நம்ம ஆளுக கேக்கலை, நீ மட்டும் ஏன் கேக்கணும்?

சரி, எழுதறேன்னே வச்சுக்க. யாரு பேருல எழுதுவ? பட்டா உங்க தாத்தா பேருல. கரண்டு சித்தப்பா பேருல. வீட்டு வரி ரசீது உங்க அப்பா பேருல. வீடு கட்டினது நீ. அந்த நாலு பேரும் ஒண்ணா நின்னது உன் கல்யாண போட்டோவுல மட்டும்தான். வில்லங்கம் போட்டுப் பாத்தியாடா? முதல்ல வாரிசுச் சான்று வாங்கு, பட்டாவை மாத்து. குடிவர்றது இன்ஜினீயரா இருந்து, வாடகைப் படிக்கு வரிக் கழிவு கேக்கறவரா இருந்தா, வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினாலே உன் பான் நம்பரையும் ரசீதையும் கேப்பாரு. "ரசீது எதுக்கு சார், நம்பிக்கை இல்லியா"ன்னு அவர்கிட்டயும் கேட்டுப் பாரு.

வாடகை எவ்வளவு சொல்லலாம்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல? யாரு வர்றாங்கன்னு பாரு. அரியலூர்ல சிமெண்ட் ஆலை ஆளுங்களும், 2022-ல திறந்த அரசு மருத்துவக் கல்லூரியை ஒட்டி வர்றவங்களும் இருக்காங்க. ரயில் இருக்கறதால திருச்சியிலேர்ந்தே வந்து போறவங்களும் உண்டு. நமக்குப் பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது, வேலைக்கு வந்தா பஸ்ஸு, இல்ல வீடு. காலேஜ் பசங்க, ஆஸ்பத்திரி நர்சுங்க, எறையூர் சிப்காட்டுல செருப்புக் கம்பெனி வந்தப்புறம் வேலைக்கு வந்த பொண்ணுங்க, நாரணமங்கலத்து டயர் கம்பெனி ஆளுங்க. இவங்கள்ல ஒருத்தர்கூட உன் மார்பிள் தரையைக் கேக்க மாட்டாங்க. முதல் கேள்வி, கொள்ளிடத் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வருது? ரெண்டாவது, கரண்டுக்குத் தனி மீட்டரா? ரெண்டு மாசத்துக்கு முதல் நூறு யூனிட்டை அரசு இலவசமாக் குடுக்குது. நீ நாலு போர்ஷனையும் ஒரே மீட்டர்ல கோத்து யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணினா, மூணாவது மாசம் அவங்க எளம்பலூர் ரோட்டுப் பக்கம் வீடு பாத்துப் போயிடுவாங்க. கோபத்துல பீஸைப் பிடுங்கிராதே. தண்ணியையும் கரண்டையும் நிறுத்தறது குத்தம்.

இன்னொண்ணு. ஏற்கெனவே குடிவந்தவங்ககிட்ட வாடகை வாங்கற சாக்குல தினமும் போயி சுவத்துல ஆணி அடிச்சிருக்காங்களான்னு எட்டிப் பாக்கறியாமே. சிறுவாச்சூர் மதுரகாளியே திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கறா, நீ தினமும் தரிசனம் குடுக்கற. உள்ள போகணும்னா இருபத்துநாலு மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லிட்டுப் போகணும் மாப்ளே.

பதிவு எண் வந்ததும் ஒரு நகலைக் கொண்டாந்து எனக்குக் காட்டு. மாடியில கெழக்குப் பாத்த போர்ஷனை உங்க அத்தைக்குப் பிடிச்சிருக்காம். அட்வான்ஸ் மூணு மாசம்தான் தருவேன், ரசீது வேணும்.