யாரு ஜெயிப்பான்னு என்னைக் கேக்காதே, மருமகனே!

வா மருமகனே, உக்காரு. அமெரிக்காவுல சனிக்கிழமை ராத்திரி ஹெவிவெயிட் பட்டத்துக்குச் சண்டை. நமக்கு அது ஞாயித்துக்கிழமை காலை. யாரு ஜெயிப்பான்னு இந்த மாமன்கிட்ட கேக்க வந்திருக்கே. பைக் வாங்கறப்போ என்னைக் கேக்கலை, பொண்ணு பாக்கறப்போ கேக்கலை, குத்துச்சண்டைக்கு மட்டும் மாமன் ஞாபகம் வந்துருச்சு. போகட்டும், கேட்ட மரியாதைக்குச் சொல்றேன். ஆனா அந்த ரெண்டு பேரோட பேரை மட்டும் என் காதுல போடாதே. பேரைக் கேட்டா புத்தி ஒரு பக்கமாச் சாஞ்சிரும்.

செல்லுல என்ன வச்சிருக்கே, காட்டு. உயரம், கை நீளம், வயசு, எத்தனை சண்டை, எத்தனை நாக் அவுட். அடேயப்பா! உன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சுத்தமா சாதகம் எழுதலை. அப்போ பத்துப் பொருத்தமும் பாத்தோம், உன் பொண்டாட்டி மாசத்துல பாதி நாள் அவ அம்மா வீட்டுலதான் இருக்கா. சாதகத்தைப் பத்தி இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

சரி, கதைக்கு வா. 1964 பிப்ரவரி 25, மியாமி பீச். சாம்பியன் சன்னி லிஸ்டன். ஃப்ளாய்ட் பேட்டர்சனை ரெண்டு தடவையும் முதல் ரவுண்டுலயே படுக்கப்போட்ட ஆளு. எதிர்ல 22 வயசுப் பையன், வாய் ஓயாத காசியஸ் கிளே. பின்னாடி முகம்மது அலின்னு பேர் மாத்திக்கிட்டாரே, அவருதான். விளையாட்டைப் பத்தி எழுதுற பெரிய மனுசங்க 46 பேரைக் கேட்டாங்க, 43 பேர் லிஸ்டன்னு அடிச்சுச் சொன்னாங்க. பந்தயக்காரன் கிளே மேல ஒண்ணுக்கு ஏழு குடுத்தான். அன்னைக்குக் காலையில எடை பாக்கற எடத்துல பையன் குதிச்ச குதியில நாடித்துடிப்பு நூறைத் தாண்டிருச்சு. இவன் பயத்துல இருக்கான்னு டாக்டரே சொல்லிட்டாரு. ராத்திரி என்ன ஆச்சு? 7வது ரவுண்டுக்கு மணி அடிச்சாங்க, லிஸ்டன் ஸ்டூலை விட்டு எந்திரிக்கவே இல்லை.

அந்த 43 பேரும் மறுநாள் பேனாவை மூடி வச்சுட்டாங்கன்னா நினைக்கறே? அடுத்த சண்டைக்கு யாரு ஜெயிப்பான்னு எழுத உக்காந்துட்டாங்க. ஆரூடம் சொல்றதுல இருக்கற பெரிய சௌகரியம் அதுதான் மருமகனே. பொய்யாப் போனா அடி வாங்கறவன் ரிங்குக்குள்ள இருக்கான், சொன்னவன் பால்கனியில இருக்கான்.

ஓ, நீ கணக்குப் பாடத்துல கெட்டிக்காரனாச்சே. இவன் அவனை அடிச்சான், அவன் இன்னொருத்தனை அடிச்சான், அதனால இவன் இன்னொருத்தனையும் அடிப்பான்னு கூட்டி வச்சிருக்கே. இதே கூட்டலை 1974ல உலகமே போட்டுச்சு. ஜோ ஃப்ரேசியரும் கென் நார்ட்டனும் அலியைத் தோக்கடிச்சவங்க. அந்த ரெண்டு பேரையும் ரெண்டே ரவுண்டுல முடிச்சவன் ஜார்ஜ் ஃபோர்மன். 40 சண்டை, 40லயும் வெற்றி, 37 நாக் அவுட். வயசு 25. அலிக்கு 32. கூட்டிப் பாரு, அலிக்கு ஆம்புலன்ஸ் சொல்லி வைக்கணும்னுதான் விடை வரும்.

அக்டோபர் 30, ஜயீர் நாட்டுக் கின்ஷாசா. இப்போ அதைக் காங்கோன்னு சொல்றாங்க. அமெரிக்கா டிவியில பாக்கணும்னு அங்க விடிகாலை நாலு மணிக்கு மணி அடிச்சாங்க. அலி போயி கயித்துல சாஞ்சுக்கிட்டு, கையை மூஞ்சிக்கு மறைப்பு வச்சுக்கிட்டு, குத்துடா குத்துன்னு நின்னாரு. கயித்தை விட்டு வான்னு அவரோட குருநாதர் ஆஞ்சலோ டண்டீயே கத்தறாரு, கேக்கலை. ஃபோர்மன் குத்திக் குத்தியே ஓஞ்சு போனான். 8வது ரவுண்டுல விழுந்தான். உன் கூட்டல்ல தப்பே இல்லை. ஆனா ஃப்ரேசியரும் நார்ட்டனும் கயித்துல சாயலை பாரு, அந்தக் கயிறு உன் கணக்குல எங்கே இருக்கு?

இப்போ டைசன் கதை. இதைக் கொஞ்சம் நின்னு கேளு. 1990 பிப்ரவரி 11, டோக்கியோ டோம். மைக் டைசன் 37 சண்டையில ஒண்ணுகூடத் தோக்கலை, 33 நாக் அவுட். எதிர்ல பஸ்டர் டக்ளஸ். லாஸ் வேகாஸ்ல பல கடைக்காரங்க இந்தச் சண்டைக்குப் பந்தயமே வாங்கலை. மிராஜ்னு ஒரு சூதாட்ட விடுதிதான் துணிஞ்சு வாங்குச்சு. டக்ளஸ் மேல ஒரு ரூபா கட்டினா 42 ரூபா. பத்தாவது ரவுண்டுல அந்த டைசன் நாலு காலுல தவழ்ந்து, வாயிலருந்து விழுந்த பல் காப்பைத் தேடி எடுத்துக் கோணலாக் கடிச்சுக்கிட்டு நின்னதை உலகமே பாத்துச்சு.

யானைக்கும் அடி சறுக்கும்னு ஆரம்பிக்காதே. அது சறுக்கலே இல்லை. பாதிக்கு மேல முன்னாடியே கண்ணுக்குத் தெரிஞ்ச விசயம். டைசனைச் செதுக்கின பயிற்சியாளர் கெவின் ரூனியை 1988லயே அனுப்பிட்டாங்க. டோக்கியோவுல பயிற்சி எடுக்கறப்போ கிரெக் பேஜ் குத்துன குத்துல டைசன் கீழ விழுந்தான், பேப்பர்லயும் வந்துச்சு. சண்டை அன்னைக்கு அவன் மூலையில நின்ன ஆளுங்ககிட்ட வீங்கின கண்ணை அமுக்கற இரும்புகூட இல்லை. ரப்பர் கிளவுசுல ஐஸ் தண்ணி ஊத்திக் கண்ணுல வச்சாங்க! அந்தப் பக்கம் டக்ளஸ், பெத்த தாயைப் பறிகொடுத்து ஒரு மாசம்கூட ஆகலை. 8வது ரவுண்டு கடைசியில விழுந்தவன் ஒன்பது எண்றதுக்குள்ள எந்திரிச்சு வந்து அடிச்சான். ரூனி போனதும் டைசன் பயிற்சியில விழுந்ததும் சண்டைக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும். ஆனா சாதகத்துல 37க்கு 37ன்னு இருந்துச்சு பாரு, அதுக்கு மேல யாரும் படிக்கலை.

இன்னொண்ணு சொல்றேன், சிரிப்பே. லெனாக்ஸ் லூயிஸ், 2001 ஏப்ரல் 22. தென்னாப்பிரிக்காவுல ஜொஹானஸ்பர்க் பக்கம் பிராக்பன்னு ஒரு ஊரு, கடல் மட்டத்துக்கு மேல 5,000 அடிக்கும் உசரம். அந்தக் காத்துல மூச்சு பழகணும். எதிராளி ஹாசிம் ரஹ்மான் முன்கூட்டியே போயிப் பழகிட்டான். சாம்பியன் லூயிஸ் எங்கே? லாஸ் வேகாஸ்ல ‘ஓஷன்ஸ் லெவன்’ சினிமாவுல நடிச்சுக்கிட்டிருந்தான். என்ன வேசம் தெரியுமா? லெனாக்ஸ் லூயிஸ் வேசம்! குத்துச்சண்டைக்காரனா நடிச்சு முடிச்சுட்டு, குத்துச்சண்டை போட லேட்டா வந்து இறங்கினான். 5வது ரவுண்டுல ஒரே வலது கை, மல்லாந்துட்டான்.

அதனால உன் செல்லை மடக்கி வச்சுட்டு நான் சொல்றதைப் பாரு. எந்த ஊர்ல சண்டை, எவன் எப்போ போய்ச் சேந்தான்? மூலையில நிக்கற ஆளு பழைய ஆளா, போன மாசம் வந்தவனா? முந்தின சண்டையில எடை என்ன, இப்போ என்ன? நீ இவன் ஜெயிப்பான்னு சொல்றது அவன் காதுக்குப் போனா, நாளைக் காலையில அவன் ஓட எந்திரிப்பானா, இல்லை இன்னொரு தடவை புரண்டு படுப்பானா? ஆரூடம் ரிங்குக்கு வெளியே நிக்கறதா நீ நினைக்கறே. அது ஜெயிப்பான்னு சொல்லப்பட்டவன் வயித்துக்குள்ள முதல்லயே போயிருது மருமகனே.

இவ்வளவு பாத்தும் சண்டை 12 ரவுண்டு முழுசாப் போச்சுன்னு வையி, முடிவு மூணு ஜட்ஜு கையில. ரவுண்டு ஜெயிச்சவனுக்கு 10, தோத்தவனுக்கு 9, கீழ விழுந்தா இன்னும் ஒண்ணு குறையும். கணக்கு அவ்வளவுதான். 2017 செப்டம்பர்ல கானெலோ அல்வாரெஸும் கோலோவ்கினும் மோதினாங்க. ஒரு ஜட்ஜு கோலோவ்கினுக்கு 115-113 போட்டாரு. ஒருத்தரு 114-114 சமம்னாரு. மூணாவது அம்மா கானெலோவுக்கு 118-110 போட்டாங்க! ஒரே ரிங்கு, ஒரே ராத்திரி, மூணு சண்டை. ஆக நீ ரெண்டு பேரு சாதகம் பாத்தா பத்தாது, அஞ்சு பேரு சாதகம் பாக்கணும். ஜட்ஜுங்களையே நம்பாதவரு நம்ம ஃபோர்மன்தான். 1994ல 45 வயசுல, கின்ஷாசாவுல போட்ட அதே சிவப்பு டிரவுசரை மாட்டிக்கிட்டு வந்து, 26 வயசு மைக்கேல் மூரர்கிட்ட ஒன்பது ரவுண்டு அடி வாங்கினாரு. மூணு ஜட்ஜு சீட்டுலயும் பின்தங்கி நின்னாரு. 10வது ரவுண்டுல ஒரு குத்து, சீட்டைக் கூட்டிப் பாக்க வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு.

ஆரூடத்துல கைதேர்ந்த ஆளு ஒருத்தரைச் சொல்லட்டுமா? டான் கிங், சண்டை ஏற்பாடு பண்றவரு. 1973 ஜனவரியில ஜமைக்காவுல ஃப்ரேசியரும் ஃபோர்மனும் மோதினாங்க. சாம்பியன் ஃப்ரேசியர் காருல வந்து இறங்கினாரு கிங். ஃப்ரேசியர் விழ விழ ஃபோர்மன் மூலைப் பக்கமா நகர்ந்துக்கிட்டே போனாராம். ரெண்டு ரவுண்டுல ஆறு தடவை விழுந்தான் ஃப்ரேசியர், அப்போ எவ்வளவு தூரம் நகர்ந்திருப்பாருன்னு பாத்துக்க. கடைசியில புதுச் சாம்பியன் ஃபோர்மன் காருலயே ஏறிப் போயிட்டாரு. சாம்பியனோட வந்தேன், சாம்பியனோட போனேன்னு அவரே பெருமையாச் சொல்லிக்குவாரு. அடுத்த வருசம் கின்ஷாசாவுல அலி, ஃபோர்மன் ரெண்டு பேரையும் ஆளுக்கு 50 லட்சம் டாலர்னு ஒப்பந்தம் போட்டுக் கொண்டாந்தவரும் அவருதான். யாரு ஜெயிச்சாலும் அவருக்கு நட்டம் இல்லை. டோக்கியோவுல டைசன் தோத்தப்போ மட்டும் கொஞ்சம் தடுமாறிட்டாரு. 8வது ரவுண்டுல டக்ளஸ் விழுந்தப்போ நடுவர் மெதுவா எண்ணிட்டாருன்னு ராத்திரியோட ராத்திரியாப் புகார் குடுத்தாரு. பட்டம் குடுக்கற சங்கங்கள்ல ரெண்டு, சில நாள் முடிவை நிறுத்திக்கூட வச்சுச்சு. நீயும் அப்படித்தான், கேரம்ல தோத்தா காயைக் கலைக்கற ஆளு.

சரி, மூஞ்சியைத் தூக்காதே. சும்மா அனுப்ப மாட்டேன், ஒரு ஆரூடம் தர்றேன். ஆனா சனிக்கிழமைக்கு இல்லை, அதுக்கு அடுத்த சண்டைக்கு. யாரும் நினைக்காதவன் சாம்பியன் ஆனான்னு வையி, அவன் அடுத்த சண்டையில கவுந்துருவான். சிரிக்காதே, எண்ணிப் பாரு. 1978 பிப்ரவரியில லியான் ஸ்பிங்க்ஸ், தொழில்ல இறங்கி எட்டாவது சண்டையிலயே அலியைத் தோக்கடிச்சான். செப்டம்பர்ல அதே அலிகிட்ட பட்டத்தைத் திருப்பிக் குடுத்தான். டைசனை அடிச்ச டக்ளஸ், அன்னைக்கு 231 பவுண்டு சொச்சம். அக்டோபர்ல ஹோலிஃபீல்டுகிட்ட 246 பவுண்டோட வந்து 3வது ரவுண்டுல படுத்தான். ரஹ்மான், அதே 2001 நவம்பர்ல லூயிஸ்கிட்ட 4வது ரவுண்டுல போனான். 2019 ஜூன்ல ஆண்டி ரூயிஸ்னு ஒரு தொந்திக்காரன், கடைசி நேரத்துல மாத்து ஆளா வந்து, ஆன்டனி ஜோஷுவாவை நாலு தடவை கீழ தள்ளிப் பட்டம் வாங்கினான். டிசம்பர்ல சவுதியில மறுசண்டை. 268 பவுண்டா இருந்தவன் 283 தாண்டி வந்து நின்னான், பாயிண்டுல தோத்தான். மூணு மாசம் கொண்டாட்டத்துலயே போச்சுன்னு அவனே ஒத்துக்கிட்டான்.

இதுக்குப் பெரிய விலக்கு அலிதான். 1965ல லிஸ்டனை மறுபடி பாத்தப்போ முதல் ரவுண்டுலயே முடிச்சாரு. ஏன்னு கேளு. அவரு வேற எவன் சொன்ன ஆரூடத்தையும் தின்னது இல்லை, தன் ஆரூடத்தைத் தானே சொல்லி, அதைக் காப்பாத்த ராப்பகலா உழைச்சாரு. ஆர்ச்சி மூர் 4வது ரவுண்டுல விழுவான்னாரு, விழுந்தான். டக் ஜோன்ஸ் விசயத்துல முதல்ல 6ன்னாரு, அப்புறம் 4ன்னாரு, சண்டை 10 ரவுண்டும் போச்சு, ஜனம் கூச்சல் போட்டுச்சு. ஆனா வாங்கின கூச்சல் அவரோடது. உன் ஆரூடத்துக்கு நீ என்ன வாங்குவே? 1980ல அவரு நம்ம சென்னைக்கே வந்து ஜிம்மி எல்லிஸோட காட்சிச் சண்டை போட்டாரு. அதுல ஜெயிச்சது யாருன்னு எவனும் இன்னைக்குப் பேசறதில்லை, அலியைப் பாத்தேன்னுதான் பேசறான்.

அதனால ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சு சண்டையைப் பாரு, கைதட்டு. நம்ப முடியாதவன் ஜெயிச்சா, எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லாம வாயை மூடிக்கிட்டு, அவன் பட்டத்தோட எந்தெந்த ஊர் விருந்துக்குப் போறான்னு மட்டும் குறிச்சு வையி. மறுசண்டை தேதி குறிச்சதும் வா, எத்தனை பவுண்டுல தோப்பான்னு சொல்றேன். பந்தயம் கிந்தயம் எதுவும் கட்டாதே. கட்டியே ஆகணும்னு கை அரிச்சா, பொங்கலுக்கு என்கிட்ட வாங்கின 500 ரூபாயை முதல்ல கட்டு. அது வராதுன்னு நான் அன்னைக்கே சொன்ன ஆரூடம்தான் இன்னும் பொய்யாகாம நிக்குது.