சனீஸ்வரனின் வாகனமும் என் வாகனமும்

சனீஸ்வரனுக்கு வாகனம் காக்கை. எனக்கு வாகனம் மாதத் தவணையில் வாங்கிய கருநீல ஹேட்ச்பேக். சனீஸ்வரன் ஏழரை ஆண்டு படுத்திவிட்டு அடுத்த ராசிக்காரரைப் பார்க்கப் போய்விடுவார் என்று ஜோசியர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அவருடைய வாகனத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எங்கள் வீட்டு வேப்பமரத்துக்கு வந்தது வந்ததுதான்.

இதில் என் அம்மாவின் பங்கு பெரிது. தினமும் குக்கர் இறங்கியதும் ஒரு கைப்பிடிச் சாதத்தில் பருப்பும் நெய்யும் பிசைந்து மதில்மேல் வைத்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி "கா... கா..." என்று குரல் கொடுப்பாள். அவள் கணக்கில் வருகிறவை காக்கைகள் இல்லை. என் தாத்தா, அவருடைய தம்பி, அமாவாசைக்கு மட்டும் தலைகாட்டும் ஒன்றுவிட்ட பெரியப்பா. சாப்பிட்டானதும் முன்னோர்கள் அத்தனை பேரும் வேப்பங்கிளையில் ஏறிச் சிரமபரிகாரம் செய்துகொள்வார்கள். கிளைக்கு நேர் கீழே என் பானெட். காரை வேறு எங்காவது நிறுத்தக் கூடாதா என்று கேட்பவர்கள் சென்னையில் கார் வைத்திருக்காதவர்கள்.

"அம்மா, தாத்தா மறுபடியும் போயிட்டார்."

"அவருக்குக் காரே பிடிக்காதுடா. கடைசி வரைக்கும் சைக்கிள்தான்."

"சாதத்தைப் பின்பக்கம் வையேன்."

"தெற்குச் சுவர்லதான் வைக்கணும். வடக்கே வச்சா யார் வருவாங்க?"

யாரும் வரக் கூடாது என்பதுதான் என் வேண்டுதல் என்பதை அவளிடம் சொல்ல முடியுமா?

காக்கை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. வேம்பு பழுக்கும் காலத்தில் மைனாவும் குயிலும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும், கொட்டையோடு விழும். பக்கத்து காம்பவுண்டில் ஒரு நாவல் மரம். ஜூன், ஜூலையில் அதனடியில் நிற்கும் வெள்ளைக் கார்கள் ஊதாப் பொட்டு வைத்த சுங்குடிச் சேலையாகிவிடும். மதுராந்தகத்துப் பக்கத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினால் அவர் என்னை அற்பனாகப் பார்க்கிறார். வேடந்தாங்கல் ஏரித் தண்ணீரில் பறவை எச்சம் கலந்து வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் வேண்டாம் என்று அங்குள்ள விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்தவர்கள். 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் அதற்கு எழுத்துமூலம் உரிமையே வாங்கி வைத்திருந்தார்கள். "எங்க ஊர்ல அது வரம்ப்பா" என்கிறார் நண்பர். அவர் வைத்திருப்பது நெல் வயல். நெல்லுக்கு கிளியர் கோட் கிடையாது.

கிளியர் கோட் என்றால் என்ன என்பதை நான் காக்கையிடமிருந்துதான் கற்றேன். கார்த் தகட்டின்மேல் துரு பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற ஒரு பளபளப்புப் பூச்சு. இந்தக் கடைசிப் பூச்சின் கனம் சுமார் 40, 50 மைக்ரான். சராசரித் தலைமுடியைவிட மெல்லியது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய கௌரவத்தின் மொத்தத் தடிமன் அவ்வளவுதான்.

காக்கைக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. தண்ணீரை வீணாக்காமல் கழிவை யூரிக் அமிலப் பசையாக்கி, மற்றதோடு சேர்த்து ஒரே தவணையில் வெளியேற்றிவிடுகிறது. நாம் பார்க்கும் வெள்ளை அந்தப் பசைதான். அமிலம் பெயிண்டைத் தின்றுவிடுகிறது என்பது பொதுஜன அபிப்பிராயம். ஆட்டோகிளிம் என்ற பிரிட்டிஷ் பாலிஷ் நிறுவனத்தார் வேறு சொல்கிறார்கள். வெயிலில் பூச்சு இளகி விரிகிறது. அதற்குள் எச்சம் காய்ந்து கெட்டியாகிறது. சாயங்காலம் சூடு தணிந்து பூச்சு சுருங்கும்போது எச்சத்தின் கரடுமுரடை அப்படியே அச்செடுத்துக்கொள்கிறது. அதனால்தான் துடைத்த பிறகும் அந்த இடம் மங்கித் தெரிகிறதாம். ஆக, பாதிக் குற்றவாளி சித்திரை வெயில். எச்சத்திலுள்ள செரிமான நொதிகளுக்கும் பங்குண்டு என்று சந்தேகிக்கும் ஆராய்ச்சியாளர்கள், பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கும் பாங்க்ரியாட்டினைச் செயற்கை எச்சமாகத் தடவிப் பெயிண்டைச் சோதிக்கிறார்கள். ஆய்வகத்தில் காக்கையை வைத்துக்கொண்டு அது மனசு வைக்கும்வரை காத்திருக்க முடியாதல்லவா?

எச்சத்தைத் துடைத்தும் பலனில்லாமல் போனது எனக்கு மட்டுமல்ல. 1964இல் அமெரிக்காவின் ஹோம்டெலில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் ஒரு பெரிய ஆன்டெனாவில் வந்த ஓயாத இரைச்சலுக்குக் காரணம் தேடினார்கள். உள்ளே புறாக்கள் கூடு கட்டி, வெள்ளையும் அடித்திருந்தன. துடைத்தார்கள், இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சம் தோன்றிய காலத்தின் மிச்சக் கதிர்வீச்சு என்று பிறகு தெரிந்தது; 1978இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. என் பானெட்டிலும் துடைத்தார்கள், தடம் போகவில்லை. எனக்குக் கிடைத்தது எஸ்டிமேட்.

'துடைத்தார்கள்' என்று பன்மையில் சொல்வது மரியாதைக்காக. துடைத்தவர் மேல்வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்தான். நான் ஊரில் இல்லாத நாளில் என் காரின் நிலைமையைப் பார்த்து மனம் தாங்காமல், வெள்ளைப் பற்பசையும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாருமாக இறங்கி வந்திருக்கிறார். காய்ந்த எச்சத்தில் மண்ணும் கொட்டைத் துணுக்கும் இருக்கும். சும்மா தேய்த்தாலே அது உப்புத்தாள் வேலையைச் செய்யும். அவர் பலமாகத் தேய்த்தார். "புதுசு மாதிரி ஆக்கிட்டேன் தம்பி, தேங்க்ஸ் எல்லாம் வேண்டாம்" என்றார். வேண்டாம் என்றதும் நான் நிம்மதியடைந்தேன்.

இன்சூரன்ஸில் கேட்கலாமே என்று அலுவலகத்தில் சொன்னார்கள். விண்ணப்பத்தைப் புரட்டினேன். விபத்து எப்படி நேர்ந்தது? எதிர்த்தரப்பு வாகனத்தின் விவரம்? உரிமையாளர் பெயர்? இதில் உரிமையாளர் பெயரை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. தவிர, ஒரு முறை கிளைம் செய்தால், ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டினால் 50 சதவீதம் வரை ஏறும் நோ கிளைம் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஷோரூமில் செராமிக் கோட்டிங் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அந்த விலைக்கு முன்னோர்கள் எல்லாருக்கும் சேர்த்து காசியில் திதி கொடுத்துவிடலாம்.

கடைசியில் போய்ச் சேர்ந்தது டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் வைத்திருக்கும் ஒருவரிடம். ஷெட்டே ஒரு பெரிய அரசமரத்தடியில்தான் இருக்கிறது. "இங்க எப்படிப்பா பெயிண்ட் அடிக்கிற?" என்றேன். மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாயைக் காட்டினார். "மரம் இருந்தாத்தான் சார் தொழில். அக்கம்பக்கத்து வண்டியெல்லாம் இங்கதானே நிக்குது?"

பானெட்டைக் குனிந்து பார்த்தார். காசளவுக்கு ஒரு மங்கல். அதைச் சுற்றித் தட்டளவுக்குக் கீறல்.

"உள்ள இருக்கறது காக்கா போட்டது. வெளிய இருக்கறது யாரு சார் போட்டது?"

"மேல்வீட்டுக்காரர்."

"காக்கா போட்டதைச் சரி பண்ணிடலாம் சார்."

அவர் வைத்தியம் படிப்படியானது. முதலில் ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டினார். மேலோட்டமான அச்சு என்றால் பூச்சு இளகி அதுவே ஓரளவு சமமாகிவிடுமாம். வீட்டிலேயே ஹேர் டிரையரில் செய்து பார்க்கலாமாம். நான் தெருவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துக் காருக்குத் தலை உலர்த்துவதை அம்மா பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சூட்டில் மங்கல் குறைந்தது, கீறல் அசையவில்லை. அடுத்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, விரல் நுனியால் தேய்த்தார். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு 3000. பிறகு ரப்பிங் காம்பவுண்ட் வைத்து பஃபிங் மிஷினை ஓட்டினார். ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்தப் பூச்சிலிருந்து சில மைக்ரான் போகிறது. அதனால் ஒரே இடத்தில் இதை அடிக்கடி செய்ய முடியாது என்றார். பூச்சு வெடித்தோ உரிந்தோ போயிருந்தால் காம்பவுண்டுக்கு வேலையே இல்லை. பேனலையே பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்குக் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் கலர் கோடைப் பார்த்துக் கலக்கினாலும், மெட்டாலிக் நிறம் சாயங்கால வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும்.

காக்கையின் தடம் முழுதாகப் போனது. மேல்வீட்டுக்காரரின் தடத்தில் முக்கால் பங்கு போனது. மிச்சத்தை எடுத்தால் பெயிண்ட் தெரிந்துவிடும் என்று நிறுத்திவிட்டார். மொத்தத் தொகையில் பறவையின் கணக்கு எவ்வளவு, மனிதரின் கணக்கு எவ்வளவு என்று கேட்டேன். பறவையின் பங்கு ஒரு டீ காசுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. தாத்தாவைச் சந்தேகித்ததற்காக அன்று மதிலில் சாதத்தோடு ஒரு வடையும் வைக்கச் சொன்னேன்.

உங்கள் பானெட்டில் விழுந்தால் பதற வேண்டாம். காரை நிழலுக்குக் கொண்டுபோய்ச் சூடு ஆறவிடுங்கள். தண்ணீரில் நனைத்த பழைய பனியன் துணியை அதன்மேல் போட்டுப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அன்றைக்கே செய்யுங்கள். இடையில் யாராவது பற்பசையோடு படியிறங்கி வந்தால், காரை எடுத்துக்கொண்டு ஓடிவிடுங்கள்.