அறுவைக்கு முன் ஒரு ஸ்கேன்

கே: மரத்தடிக்கும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்களாமே, மரத்துக்கு என்ன நோய்? (செங்கோட்டை வாசகர்)

ப: நோயில்லை, கணு. கிளை முளைத்த அடையாளம் தடிக்குள் புதைந்து கிடக்கும். வாள் இறங்கிய பிறகுதான் அது முழுசாகத் தெரியும்; அப்போது தெரிந்து என்ன பயன்? அதனால் ஸ்வீடன் போன்ற நாடுகளில் சில பெரிய மில்களில் பைன் தடிகள் வாளுக்குப் போகும் முன்பே எக்ஸ்ரே வளையத்துக்குள் நுழைந்து வருகின்றன. மூச்சைப் பிடிக்கச் சொல்லும் நர்ஸ் கிடையாது. அடுத்தது ஆபரேஷன்தான், பேஷன்ட் பிழைப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கே: படம் எடுத்தால் பலகை கூடுதலாகக் கிடைத்துவிடுமா?

ப: படத்தை வைத்துக் கம்ப்யூட்டர் அந்தத் தடியைத் திரையிலேயே பல கோணங்களில் திருப்பித் திருப்பி அறுத்துப் பார்க்கும். எப்படி அறுத்தால் நல்ல விலை என்று கணக்குப் போடும். நிஜத் தடியை ஒரு முறைதானே அறுக்க முடியும்! முதல் வெட்டு சில மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலே ஒரு பலகை போய்விடலாம். இந்தக் கணக்கை 1971-லேயே அமெரிக்காவில், மேடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வுக்கூடத்தில் ஹாலக், லூயிஸ் இருவரும் புரோகிராமாக்கிவிட்டார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது தடியின் வெளி உருவம் மட்டும். அதே ஆண்டு லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனர் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலைக்குள் எட்டிப் பார்த்தது. அங்கே கணக்கு, இங்கே கண். சம்பந்தம் பேசி முடிக்கத்தான் பல வருஷம் ஆயிற்று.

கே: ஸ்கேனில் வைரம் பளிச்சென்று தெரியுமோ?

ப: ஏமாந்துபோவீர்கள். பச்சைப் பைன் தடியில் நடுவிலுள்ள வைரப்பகுதி உலர்ந்திருக்கும். சுற்றியுள்ள வெளிமரம்தான் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கனத்துக் கிடக்கும். ஸ்கேனர் பார்ப்பது அடர்த்தியை. ஆகவே வைரம் கறுப்பு, வெளிமரம் வெளுப்பு. கணுவும் வெளுப்பு. வைரத்துக்குள் குத்துவிளக்காய் மின்னுகிற கணு, வெளிமரத்துக்கு வந்ததும் சுண்ணாம்புச் சுவரில் வெள்ளைப் பல்லி. அதைத் தேடிப் பிடிப்பதற்கென்றே ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதுகிறார்கள்.

கே: அப்படியானால் மில்காரருக்கு இனி வேலையே இல்லையா?

ப: கம்ப்யூட்டர் ‘40 டிகிரி திருப்பு’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். திருப்புவது இரும்பு உருளைகள். கோணல் தடி கொஞ்சம் கூடுதலாக உருண்டுவிட்டால் திரையில் சம்பாதித்த லாபம் மரத்தூளோடு போச்சு.

கே: உங்கள் பதில்களும் அறுவைதானே?

ப: ஆமாம். கணு எங்கே என்று ஆசிரியர் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.