டெல்லிக்குப் போகும் வழி குளச்சல்

கேள்வி: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்திய வரலாற்றை எங்கே தொடங்குவது? டெல்லியிலா? (ஓர் ஆசிரியை, தக்கலை)

பதில்: தக்கலையிலேயே தொடங்குங்கள், டீச்சர். பக்கத்தில்தானே புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை! 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்டவர் டச்சுக் கம்பெனியின் டிலனாய். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் வாங்கி, 1777இல் இறந்து, அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். தமிழ் வரிகளைப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். “இவரு எதுக்கு டீச்சர் இவ்வளவு தூரம் வந்தாரு?” என்று ஒன்றாவது கேட்கும். நல்லமிளகுக்காக என்று சொல்லுங்கள். அந்த ஒரு சரக்கைப் பிடித்துக்கொண்டு போனால் கம்பெனி ஆட்சி, வெள்ளைக்காரன் ஆட்சி, விடுதலை எல்லாம் பின்னாலேயே வரும்.

கேள்வி: ஐரோப்பியரை ஆசியாவில் முதன்முதலில் தோற்கடித்தது நம் குளச்சல்தானே? (குளச்சல் வாசகர்)

பதில்: இல்லை. அதே டச்சுக்காரர்களைச் சீனத் தளபதி கோசிங்கா 1662இலேயே தைவானை விட்டு விரட்டிவிட்டார். குளச்சல் பெரிய வெற்றி. அதற்கு இல்லாத பட்டம் எதற்கு? பிள்ளைகளிடம் மிகையாகச் சொன்னால், வளர்ந்தபின் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

கேள்வி: 1741 என்றால் எட்டு வயதுக்கு என்ன புரியும்? (கருங்கல் வாசகி)

பதில்: எண் புரியாது, பாட்டி புரியும். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே ஏறத்தாழ ஐம்பத்தைந்து வயது. ஐந்து பிள்ளைகளை வரிசையாகக் கைகோத்து நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் ஒரு பாட்டி. கடைசிப் பாட்டி குளச்சல் கடற்கரையில் நிற்பாள்.

கேள்வி: தோள்சீலைப் போராட்டத்தைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டுமா? (ஒரு தகப்பன், மார்த்தாண்டம்)

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்தே 2016இல் சி.பி.எஸ்.இ. இதை எடுத்துவிடச் சொன்னது. அது எனக்கு இன்றும் ஆறவில்லை. சில சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று நம் மண்ணில் தடை இருந்தது. மறைத்தவர்களின் துணியைக் கிழித்தார்கள், அடித்தார்கள். அவர்கள் பல்லாண்டு விடாமல் நின்றதால் 1859இல் அரசாணை வந்தது. அதிலும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை! “அது ஏன்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். எது அநியாயம் என்று எட்டு வயதுக்கு நம்மைவிடச் சட்டென்று தெரியும்.

கேள்வி: 1947 ஆகஸ்டு 15 அன்று நாம் எந்த நாட்டில் இருந்தோம் என்று பேரன் கேட்கிறான். (ஒரு பாட்டா, பூதப்பாண்டி)

பதில்: நல்ல கேள்வி, பாட்டா. இந்தியாவில்தான், ஆனால் மயிரிழையில். திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று திவான் சர் சி.பி. அந்த ஜூனில் அறிவித்தார். ஜூலையில் திருவனந்தபுரத்தில் அவருக்கு வெட்டு விழுந்தது. அந்த மாதக் கடைசியில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். அப்புறம் 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலம், 1969இல் தமிழ்நாடு. இதற்கு நடுவே, 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழகத்தோடு சேரப் போராடித் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களையும், அந்தப் போராட்டத்தின் தலைவர் நேசமணியையும் அவனுக்குச் சொல்லுங்கள். வீட்டில் பழைய திருவிதாங்கூர் சக்கரம் ஒன்று கிடந்தால் அவன் கையில் கொடுங்கள். ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். கணக்கும் போட்டுப் பார்ப்பான்.

கேள்வி: அப்படியானால் தேதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாமா? (மாணவி, நாகர்கோவில்)

பதில்: நாலைந்து போதும், மக்களே. கதை முதலில், தேதி பிறகு.